நல்ல தண்ணீர்

அடைக்கலநாதன் அண்ணையின் காருக்கு நான்கு மாதத்தில் நான் மாற்றும் மூன்றாவது கிராங்க் சென்சர் இது. எஞ்சின் சுற்றுவதைக் கணினிக்குச் சொல்லும் அந்தச் சின்னச் சாமான் பழுதானால் கார் ஸ்டார்ட் ஆகாது. விற்ற கடைக்காரனைத் திட்டினேன். குருநகர்க் கடற்காற்றையும் திட்டினேன். இந்தமுறை அதன் பிளக்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது தண்ணீர் சொட்டியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பில்லை. மழை பெய்தே இரண்டு மாதமாகிறது.

"அண்ணை, எஞ்சினுக்குத் தண்ணி அடிக்கிறனீங்களோ?"

"ஓம், வெயில் தாழ ஒவ்வொரு பின்னேரமும்," என்றார் அடைக்கலநாதன் பெருமையாக.

முப்பது வருடம் கடலுக்குப் போனவர். கரைக்கு வந்ததும் படகு எஞ்சினை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகுதான் சோற்றில் கை வைப்பார். லண்டனிலிருக்கும் மகன் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் காரையும் அப்படியே ஓஸ் குழாய் பிடித்துக் குளிப்பாட்டியிருக்கிறார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "இது வள்ளத்து எஞ்சினே அண்ணை? ஒரு இடமும் ஓடாத காரை ஏன் கழுவுறியள்? இனி ஒரு சொட்டுத் தண்ணியும் படக்கூடாது!"

அவர் ஓஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். மனைவி மக்டலீன் இறந்தபின் அந்த வீட்டில் அவர் மட்டும்தான். முற்றத்தில் உட்கார ஒரேயொரு கதிரை கிடந்தது.

"அப்ப பின்னேரத்திலை நான் என்ன செய்யிறது, தம்பி?"

வேலை முடிந்திருந்தது. நான் மூடிய கார் பொனற்றை மறுபடி திறந்து, உள்ளே எதையோ தேடுவதுபோல் குனிந்தேன்.