முதல் போன் முதலாளிக்கு

மலர்க்கொடிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டும். கிள்ளையில் அக்கா தமிழ்ச்செல்விக்கு வளைகாப்பு. அக்காவின் கல்யாண ஆல்பத்தில், தாலி கட்டும் படத்திலேயே மலர்க்கொடி மடியில் லேப்டாப்போடுதான் உட்கார்ந்திருக்கிறாள். "இந்த வாட்டியும் அந்தப் பொட்டியத் தூக்கினு வந்தன்னு வையி, பிச்சாவரத்துத் தண்ணியில வுட்டுருவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

கடலூரில் அவள் வேலை பார்க்கும் கம்பெனி, கல்யாண மண்டபங்களை ஆன்லைனில் பதிவு செய்து தருவது. ஏதாவது கோளாறு என்றால் வாடிக்கையாளர்கள் முதலாளியைத் திட்டுவார்கள். முதலாளி அதைச் சரிசெய்ய மலர்க்கொடியைக் கூப்பிடுவார். கிழமை பார்க்க மாட்டார்.

முதலாளி தட்சிணாமூர்த்தி, பந்தல் காண்ட்ராக்டில் ஆரம்பித்து வளர்ந்தவர். பெங்களூரில் ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்ததிலிருந்து அங்கே மாட்டிவிட்ட அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றுவதில்லை. சாமியானாத் துணி அடுக்கிவைத்திருந்த அறைக்கு இப்போது 'வார் ரூம்' என்று பெயர். மழை பெய்தால் அதில் பழைய துணி வாடை வரும்.

அந்த அறையில்தான் மலர்க்கொடி தன் யோசனையைச் சொன்னாள். ஆன்லைன் பதிவில் பிழை வந்தால் கண்டுபிடிக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. அவசரத்துக்கு ஆளைக் கூப்பிடும் தளம் ஒன்றை அதோடு இணைத்துவிட்டால், பிழை வந்ததும் அன்றைய முறைக்காரருக்கு மெஷினே போன் போடும். ஞாயிறு, கூட வேலை பார்க்கும் சித்தார்த்தின் முறை.

"லிஸ்ட்டுல மொதப் பேரு யாரு?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"சித்தார்த் சார். அவரு எடுக்கலன்னா நான். அப்புறம் நீங்க."

"பத்திரிகை அடிச்சா பெரியவங்க பேரக் கடைசியிலயா போடுவ?"

"இது பத்திரிகை இல்ல சார். மொதப் பேருக்குத்தான் மொதப் போன் வரும்."

"வரட்டுமே! தலைவனுக்குத் தெரியாம கம்பெனியில என்ன நடக்கும்?"

சித்தார்த் தன் முதலிடத்தை மிகுந்த பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தான்.

"போன் வந்தா 'ஏற்கிறேன்'னு அமுக்கணும் சார். அமுக்குனவங்கதான் சரி பண்ணணும். அதுக்கப்புறம் வேற யாருக்கும் போவாது" என்று மலர்க்கொடி விளக்கினாள். அவர் திரையில் எல்லாருக்கும் மேலே வந்திருந்த தன் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளையில் அவள் போன் அடிக்கவே இல்லை. முதலில் நிம்மதியாக இருந்தது. அக்கா கன்னத்தில் சந்தனம் பூசும்போது லேசாகப் பயம் வந்தது. இவ்வளவு அமைதி அந்தக் கம்பெனிக்கு வழக்கமில்லை. கை கழுவுகிற இடத்தில் ஒதுங்கிப் போனைத் திறந்து பார்த்தாள். வரிசையாகப் பிழைகள். ஒவ்வொன்றுக்கும் நேராக, ஏற்றவர்: தட்சிணாமூர்த்தி. மேடையில் மாலை வாங்குகிற மாதிரி ஒன்று விடாமல் ஏற்றிருந்தார்.

சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"சார், எல்லாத்தையும் நீங்களே ஏத்துக்கிட்டீங்களா?"

"மரியாதையா கூப்புடுது, ஏத்துக்காம எப்புடிம்மா?"

"ஏத்துக்கிட்டா நீங்கதான் சார் சரி பண்ணணும்."

"அது இப்பதான் வெளங்குது. சித்தார்த்தக் கூப்புட்டேன். 'நீங்க ஏத்ததுல நான் கை வெச்சா மரியாத இல்லீங்க சார்'னு போன வெச்சுட்டான்."

"நான் பாக்குறேன் சார்." வழக்கமான வார்த்தை, அவளைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது. உள்ளே அக்காவுக்கு வளையல் போட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

"இரு, அங்க என்ன சத்தம்?"

"அக்காவுக்கு வளைகாப்பு சார்."

"அப்ப நீ ஒண்ணும் பாக்க வேணாம். பிழைக்குப் பக்கத்துலயே பதிவு பண்றவங்க நம்பரு இருக்குல்ல? ஒவ்வொருத்தரா நானே கூப்புட்டுப் பேசினு இருக்கேன். காடாம்புலியூர்க்காரரு ஒருத்தரு, பொண்ணு பேரு எழுதலியாம், மெஷினு மக்கர் பண்ணுது. பொண்ணே இன்னும் அமையலியாம்! தை மாசம் மண்டபம் கெடைக்காதுன்னு முன்னாடியே புடிக்கிறாரு. நம்மூர்ல பாதிப் பேரு இப்புடித்தான். நாளைக்கு வந்து அதை மாத்திக் குடு, போதும்... இரும்மா, மெஷினு கூப்புடுது." குரலில் அந்தப் பெருமை கொஞ்சமும் குறையவில்லை.

மலர்க்கொடி அக்காவின் கையைப் பிடித்து வளையலை ஏற்றினாள்.

"யாருடி போன்ல? கெளம்பணுமா?" என்றாள் தமிழ்ச்செல்வி.

"எங்க சாரு. இன்னைக்கு அவுருதான் டூட்டி."

பந்தியில் இலை போட்டிருந்தார்கள். புளிச் சாதமா, தேங்காய்ச் சாதமா என்று கேட்டார்கள். அவசரமில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "ரெண்டும்" என்றாள்.