இரவல் முகமூடி

மேலதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்றால் போதும், அந்தத் தீயணைப்பு நிலையம் கல்யாண வீடு மாதிரி களைகட்டிவிடும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே இருக்கிற சின்ன நிலையம் அது. வாசலுக்குச் சுண்ணாம்பு, வண்டிக்குப் பாலிஷ். கூரை ஒழுகுகிற ஓய்வறையை மட்டும் பூட்டிச் சாவியை ஒளித்துவிடுவார்கள்.

கடைசியாக ஒரு வேலை உண்டு. புகைக்குள் போகும்போது மாட்டுகிற முகமூடியும் காற்று சிலிண்டரும் இவர்களிடம் கிடையாது. பக்கத்து நிலையத்தில் இரவல் வாங்கி வந்து ஆணியில் தொங்கவிட வேண்டும். அதிகாரி தலை மறைந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வருஷா வருஷம் போய்ச் சுமந்து வருகிறவன் தனுஷ்கோடி.

அன்றைக்கும் நிலைய அலுவலர் சேதுபதி கூப்பிட்டார். "தனுஷ்கோடி, ஒரு எட்டு போயிட்டு வந்துருய்யா. அய்யா மதியத்துக்குள்ள வந்துருவாக."

"நான் போகல சார்."

நேராக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தான் தனுஷ்கோடி. போன மாதம் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பஞ்சு குடோன் தீப்பிடித்துக்கொண்டது. பாழாய்ப்போன பஞ்சு, வெளியே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்று புகையாய்க் கக்கும். கூட்டாளி ஐயாதுரை முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே போனான். ஈரத் துண்டு விஷப் புகையை என்ன செய்யும்? இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், நாலு வார்த்தை பேசுவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டுகிறது.

அவன் பெண்சாதி பரிபூரணம் காலையில் கேட்டாள்: "அண்ணே, ஸ்டேஷன்ல முகமூடி வரிசையா தொங்குமே, நானே பாத்துருக்கேன். அவுக ஏன் போட்டுக்கிடல?"

அவள் பார்த்தது ஒரு ஆய்வு நாளில்.

"ஸ்டேஷன் மானம் போயிருமேய்யா. மெமோ வேற குடுப்பாக," என்றார் சேதுபதி. கெட்ட மனுஷர் இல்லை, பயந்த மனுஷர்.

"எம்புட்டு தடவ எழுதிக் கேட்டோம் சார்? அதான் இருக்குதேன்னுதான பதில் வருது. இருக்குன்னு காட்டுனது நாமதான். நான் சுமந்தது போதும்."

வேறு யாரும் போகத் தயாராக இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே ஜீப் வந்து நின்றது.

அதிகாரி வெறும் ஆணிகளைப் பார்த்தார். "மூச்சுக் கருவியெல்லாம் எங்கய்யா?"

"சர்வீஸுக்கு..." என்று இழுத்தார் சேதுபதி.

"இல்லங்கய்யா," என்று முன்னால் வந்தான் தனுஷ்கோடி. "இங்க என்னைக்கும் இருந்ததில்ல. போன வருஷம் நீங்க பாத்தது இரவல். இதில்லாமத்தான் ஐயாதுரை நெஞ்சு வெந்து கெடக்கான்."

அதிகாரியின் முகம் கறுத்தது. "யார்கிட்டப் பேசுறேன்னு தெரியுதா? சஸ்பெண்ட் பண்ணிருவேன்."

"பண்ணுங்கய்யா. வீட்டுல இருந்தா மூச்சாவது விடுவேன்."

அதிகாரி சேதுபதி பக்கம் திரும்பினார். "என்னய்யா இது? இவன் சொல்றது நிஜமா?"

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் சேதுபதிக்கு. பேசாமல் இருந்தால் பென்ஷனோடு போகலாம். அவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தனுஷ்கோடியின் பக்கத்தில் போய் நின்றார்.

"நெசந்தாங்கய்யா. ஏற்பாடு பண்ணுனது நான். மெமோவ எனக்குக் குடுங்க, அவன விட்டுருங்க. ஆனா ஒண்ணு. கருவி வந்து சேருத வரைக்கும் எங்காளு ஒருத்தனையும் துண்டக் கட்டிக்கிட்டு புகைக்குள்ள போகச் சொல்ல மாட்டேன். வெளிய நின்னு தண்ணி பீச்சுவோம். ஏன்னு ஊரு கேட்டா உள்ளதச் சொல்லுவோம். இல்லாதத இருக்குன்னு காட்டி நாங்க மானத்தக் காப்பாத்துனோம், ஐயாதுரைக்கு மூச்சு கெட்டுப்போச்சு. ஊரு உசுரக் காக்குறவன் தன் உசுருக்குப் பாதுகாப்பு கேக்குறது தப்பில்லங்கய்யா. கேக்காம மூடி மறைச்சதுதான் தப்பு."