கிளட்ச்சில் புகுந்த காற்று

தெருவில் எல்லோருக்கும் அவள் செடிக்காரி. அன்று காலை இருநூறு செடிகளைப் பிக்கப் வண்டியில் ஏற்றி முடித்தபோது அவளுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. பதினொரு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் இறக்கியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர்.

ஏறி உட்கார்ந்து கிளட்ச்சை மிதித்தாள். பெடல் சொதசொதவென்று அடிவரை போய் அங்கேயே படுத்துக்கொண்டது. கியர் போட்டால் வண்டி கர்ரென்று பல்லைக் கடித்தது.

மெக்கானிக் வெளியூரில் இருந்தார். போனில் அவர் சொல்லச் சொல்லப் பார்த்தாள். கிளட்ச் ஆயில் டப்பா கிட்டத்தட்ட காலி. கீழே, குழாய் சேரும் இடத்தில் ஈரம்.

"அந்த நட்டை இறுக்கிட்டு பிரேக் ஆயில் ஊத்துங்கம்மா, கிளட்ச்சுக்கும் அதேதான். அப்புறம் உள்ள புகுந்த காத்தை எடுக்கணும். ஒருத்தர் மேல மிதிக்கணும், ஒருத்தர் கீழ திறந்து மூடணும். தனியா முடியாது."

வீட்டில் இருந்த இன்னொரு ஆள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். செடிக்காரியின் கணவன் கப்பல் வேலைக்குக் கிளம்பியபோது வண்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்தான். "ஓட்டத் தெரியாதவங்களுக்கு வண்டி எதுக்கு? வித்துடுண்ணா" என்று தங்கை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு செடிக்காரி ஓட்டக் கற்றுக்கொண்டாள். நாத்தனாரோடு பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். ஆறு மாதம் ஆகிறது.

படியேறிக் கதவைத் தட்டினாள். "ஒரு கை உதவி வேணும்" என்றாள், கதவுச் சட்டத்தைப் பார்த்தபடி.

நாத்தனார் விஷயத்தைக் கேட்டாள். "ஊசியில காத்து எடுக்கற மாதிரிதானே? நான் கீழ படுக்கறேன்" என்று உள்ளே போய், பழைய சுடிதாருக்கு மாறி, தேதி முடிந்துபோன ஒரு டிரிப் குழாயோடு வந்தாள். இன்ஜினை நிறுத்தி, சக்கரங்களுக்குச் செங்கல் வைத்து, கசிந்த நட்டை இறுக்கி, டப்பாவில் ஆயில் ஊற்றினார்கள். நாத்தனார் சாக்கை விரித்துப் படுத்து, குழாயின் ஒரு முனையைக் காற்றை வெளியே விடும் திருகின் முனையில் செருகினாள், மறுமுனையைப் பாட்டிலில் விட்டாள்.

"மிதிங்க அண்ணி."

"மிதிச்சாச்சு."

"திறக்கறேன்... ஐயோ, அப்பா, எவ்வளவு குமிழி!"

செடிக்காரி பார்க்கும் ஆர்வத்தில் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். வெளியே போன காற்றெல்லாம் உள்ளே திரும்பியது.

"நான் மூடினேன்னு சொன்னப்புறம் காலை எடுங்க அண்ணி!"

"நீ வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

வண்டிக்கடியிலிருந்து சிரிப்பு கேட்டது. "ஆறு மாசமா நாம ரெண்டு பேரும் வாயைத் திறக்கலையே."

மறுபடி ஆரம்பித்தார்கள். மிதி, பிடி, திற, மூடு, விடு. நடுவில் டப்பாவில் ஆயில் ஊற்ற மறந்து, அது காலியாகிக் காற்று புகுந்ததால் இன்னொரு தடவையும் முதலிலிருந்து. இருபதாவது மிதியில் குழாயில் குமிழி இல்லை. பெடல் காலுக்கடியில் கெட்டியாக நின்றது. ஆனால் மிதிக்கத் தொடங்கும் இடத்தில் பெடல் வெறுமனே ஆடுவது அதிகமாக இருந்தது. ஒரு விரல் அகலம் ஆடினால் போதும் என்றிருந்தார் மெக்கானிக். செடிக்காரி பெடலுக்குப் பின்னால் தலையை விட்டு, பெடல் தள்ளும் கம்பியின் நட்டைத் தளர்த்தி, கம்பியை அரைச் சுற்று திருகி, நட்டை மறுபடி இறுக்கினாள். கியர் வெண்ணெயாக விழுந்தது.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணன் என்னை ஒரு நாள்கூட ஸ்டியரிங்கைத் தொட விட்டதில்ல. சாவியை உங்ககிட்ட கொடுத்ததும் வயித்தெரிச்சல். அதான் அப்படிப் பேசிட்டேன்."

செடிக்காரி வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "மதியம்தானே டியூட்டி? ஏறு" என்றாள்.

பத்தேமுக்காலுக்குச் செடிகளை இறக்கினார்கள். பள்ளி மைதானம் காலியாக இருந்தது. செடிக்காரி இந்த முறை மறுபக்கம் சுற்றி வந்து ஏறி, நாத்தனாருக்கு ஓட்டுநர் இருக்கையைக் காட்டினாள்.

"கிளட்ச்சை மெதுவா விடு."

வண்டி இரண்டு முறை குதித்து நின்றது. மூன்றாவது முறை நகர்ந்தது. நாத்தனார் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி கத்தினாள்: "அண்ணி, போகுது! எப்படி நிறுத்தறது?"