முந்நூற்று எண்பது கிராம்

பாத்திரக் கடைக்காரனுக்கு உலகத்தில் எல்லாமே எடைதான். செஞ்சி கடைவீதியில் இருபது வருடமாக எவர்சில்வரும் பித்தளையும் நிறுத்து விற்கிறேன். ஒரு சாமான் நல்லதா என்று யாராவது கேட்டால் என் கை தானாகவே அதைத் தூக்கிப் பார்க்கும். கனமாக இருந்தால் நல்லது. பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்த காப்பி டம்ளரையும் அப்படித்தான் தூக்கிப் பார்த்தேன் என்று ஜெயஸ்ரீ இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். நல்ல கனம். கல்யாணம் நடந்தது.

இந்தப் புத்தியோடுதான் பாறை ஏறுகிற ரிமோட் காருக்குப் பேட்டரி வாங்கப் போனேன்.

கார் எனக்கில்லை, பூவராகவனுக்கு. நாற்பத்தாறு வயதில் பொம்மைக் கார் வாங்குகிற எவனும் இப்படித்தான் யார் பெயரையாவது சொல்வான். என் விஷயத்தில் அது நிஜம்.

பூவராகவன் என் கடைக்கு எதிரில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறான். பத்து வருடமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுவோம். அவன் ஏறுவான், நான் மூச்சு வாங்குவேன். "சீக்கிரம் வாடா விக்ரமா, கோட்டையைப் பூட்டிடப் போறாங்க" என்று மேலே நின்று கத்துவான். மணி அப்போது காலை பத்துகூட ஆகியிருக்காது.

எட்டு மாதத்துக்கு முன்னால் மேல்மலையனூர் ரோட்டில் மணலில் பைக் சறுக்கி விழுந்தான். வலது காலில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அவன்தான் நடக்கவில்லை. வீட்டு வாசலில் ஆட்டோ ஏறி, கடை வாசலில் இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம் மறுபடி ஆட்டோ. கேட்டால், "வுழுந்துட்டா?" என்பான். ஊரையே கிண்டல் செய்தவன் வாயில் அந்த ஒரு சொல்தான் மிச்சமிருந்தது.

நானும் அவனில்லாமல் மலைப்பக்கம் போகவில்லை. திட்ட ஆளில்லாமல் எனக்கு மூச்சுகூட ஒழுங்காக வாங்காது.

தினமும் நச்சரித்ததில் ஒருநாள் இறங்கி வந்தான்.

"நடக்கவே வேணாம்டா. ஒக்காந்த எடத்துல இருந்து காரை மட்டும் பாறை மேல ஏத்தப் போறோம்" என்றேன்.

"ஒரே ஒரு ஞாயித்துக்கிழம வரேன். நல்லா இல்லன்னா திரும்பி வந்துடுவேன். அதுக்கப்புறம் நீ என்னை எங்கியும் கூப்புடக் கூடாது. சரியா?"

சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

கார் வந்த டப்பாவின் மேல் 'பேட்டரி தனி' என்று போட்டிருந்தது. விற்ற சென்னைக் கடைக்கே போன் செய்தேன். ஆதவன் என்கிற பையன் பேசினான்.

"புதுசா ஓட்டறீங்களா சார்? அப்ப ரெண்டு செல், ஆயிரத்து ஐந்நூறு எம்ஏஎச் போதும். சின்னது. முன்னாடி தட்டுல அழகா உக்காரும்."

"பெருசு இல்லியா?"

"இருக்கு சார். மூணு செல், அஞ்சாயிரம் எம்ஏஎச். வேகமா ஓட்டற வண்டிக்குப் போடுவாங்க. உங்க வண்டியும் தாங்கும், ஆனா..."

"எது வெயிட்டு?"

"வெயிட்டா சார்?" என்றான். இந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை போல.

"பெருசுதான் சார் வெயிட்டு."

"அதையே அனுப்புங்க."

"சார், பாறை ஏறற வண்டிக்கு அது..."

"அனுப்புங்க தம்பி. நானும் கடைதான் வெச்சிருக்கேன்."

என் கடையில் நான் ஒருவரிடம் 'சின்னது போதும்' என்று சொன்னால், பெரியது ஸ்டாக் இல்லை என்று அர்த்தம். அவனுக்கும் அப்படித்தானே இருக்கும்?

பேட்டரி வந்ததும் முதல் காரியமாகத் தராசில் வைத்தேன். முந்நூற்று எண்பது கிராம். மனசு நிறைந்துவிட்டது. தட்டில்தான் உட்காரவில்லை. அதனாலென்ன, காரின் கூரை மேல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையின் பின்கட்டில் அண்டாவையும் குண்டானையும் கவிழ்த்து, மேலே சாக்கு விரித்து ஒரு மலை செய்தேன். கார் சீறிக்கொண்டு கிளம்பியது. பாதி அண்டா ஏறியதும் மூக்கைத் தூக்கியது. அப்படியே பின்னால் மல்லாந்து, நாலு சக்கரமும் காற்றில் சுற்ற, கரப்பான்பூச்சி போலக் கிடந்தது. நிமிர்த்தி விட்டேன். மறுபடி மல்லாந்தது. ஆறு தடவை.

விழுந்துவிடுவோமோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனைக் கூட்டிப்போய், மல்லாந்து விழுகிற ஒரு வண்டியை ஆறு தடவை காட்டினால் எப்படியிருக்கும்? ஏழாவது தடவைக்கு அவன் ஆட்டோவில் ஏறியிருப்பான். நானும் வாக்குக் கொடுத்தாயிற்று.

பில் போட்டுக்கொண்டிருந்த ஜெயஸ்ரீ எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தலையில தவலையைக் கட்டி வுட்டா அது எப்டிங்க மலை ஏறும்?"

"பேட்டரி நல்ல கனம்டீ."

"கனம் எங்க இருக்கணும்? அடி கனமா இருந்தா டம்ளர் சாயாதுன்னு வர்றவங்க கிட்டலாம் நீங்கதான சொல்றீங்க? உங்களுக்கு யாரு சொல்றது?"

அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. வெளியே வந்து ஆதவனுக்குப் போன் செய்தேன். நான் வாயைத் திறக்குமுன், "சின்னதுதானே சார்? அன்னிக்கே பேக் பண்ணி வெச்சிட்டேன்" என்றான்.

சனிக்கிழமை வந்தது. எண்பத்தைந்து கிராம். கையில் எடுத்தால் எடுத்த மாதிரியே இல்லை. ஒரு குழம்புக் கரண்டி இதைவிட எடை நிற்கும். மனசு ஒப்பாமலே முன்சக்கரத்துக்கு மேலிருந்த தட்டில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. கார் அண்டாவில் ஏறி, குண்டானில் இறங்கி, ஜெயஸ்ரீயின் காலடியில் போய் நின்றது. அவள் அதை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு பில் போடப் போனாள். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அவனை தினமும் கடைக்குக் கொண்டுவிடுகிற செல்லப்பனின் ஆட்டோவில் தொண்டூர் ரோட்டோரம் ஒரு பாறைக்குன்றுக்குப் போனோம். பூவராகவன் கைத்தடியோடு வந்தான். நான் பிளாஸ்டிக் நாற்காலியை இறக்கிப் போட்டேன். உட்கார்ந்தான். காரைப் பாறையில் விட்டேன். ஒவ்வொரு சக்கரமாகத் தடவித் தடவி, மரவட்டை மாதிரி ஏறியது. விழவில்லை.

"இன்னாடா இவ்ளோ மெதுவா போவுது? உன்னைப் பாத்துக் கத்துக்கிச்சா?"

எட்டு மாதத்தில் அவன் அடித்த முதல் கிண்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

"குடுடா இங்க" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டான். கார் ஒரு உருண்டைப் பாறையைச் சுற்றிப் போய் மறைந்தது. "தெரிய மாட்டேங்குதே" என்று எழுந்து நாலு எட்டு வைத்தான். தெரிந்தது. கார் இன்னும் மேலே போனது. அவனும் போனான். நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய், அவன் நிற்கிற இடத்திலெல்லாம் போட்டேன். அவன் உட்காரவே இல்லை. நடக்கிறாய் என்று நான் சொல்லவும் இல்லை. நான் வாயைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் இருந்தது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

ஒரு இடத்தில் கார் தளர்ந்து நின்றுவிட்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது. குனிந்து அதை எடுத்தவன் அப்போதுதான் திரும்பிக் கீழே பார்த்தான். வெகு கீழே ஆட்டோவில் செல்லப்பன் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பாதம் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அவன் முகம் வெளுத்தது. தடியைப் பாறையில் அழுத்தி ஊன்றிக்கொண்டான்.

"விக்ரமா, எப்டிடா எறங்குறது? வுழுந்துட்டா?"

"வுழுந்தா என் மேலதான் வுழுவ. நான் கீழ போறேன், நீ எனக்கு மேல வா. தொண்ணூத்தி ரெண்டு கிலோ இருக்கேன்டா. நம்ம கடைவீதியிலியே இதைவிட கனமான சாமான் கெடையாது."

அவன் என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை எடை போட்டான். திருப்தி போலிருக்கிறது. காரை என்னிடம் கொடுத்துவிட்டு, ரிமோட் பிடித்த கையை என் தோளில் வைத்தான். நான் ஒரு கையில் காரும் ஒரு கையில் நாற்காலியுமாக ஒவ்வொரு அடியாக இறங்கினேன். அவன் இறங்கினான். தோளில் அவன் விரல்கள் அழுத்தின. பத்து அடி போனதும் பிடி கொஞ்சம் தளர்ந்தது. காதருகில் ரிமோட்டின் பொத்தான் டிக்கென்றது.

"லெஃப்ட்டு. இன்னும் லெஃப்ட்டுடா. ஆங், பிரேக். டேய், குலுங்காம போ!"

இப்படியே கீழே வந்து சேர்ந்தோம். ஆட்டோவில் உட்கார்ந்ததும் காரிலிருந்து பேட்டரியை உருவி உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தான். அவனுக்குப் பிடிக்கவில்லை.

"இன்னாடா இது, பிஸ்கட் மாதிரி இருக்குது? வாங்குனதுதான் வாங்குன, கொஞ்சம் கனமா வாங்கியிருந்தா உச்சி வரைக்கும் போயிருக்கலாம் இல்ல? அடுத்த ஞாயித்துக்கிழமைக்காவது பாத்து வாங்கி வை."

"சரிடா" என்றேன்.

கடையில் முந்நூற்று எண்பது கிராம் சும்மா கிடப்பதை அவனிடம் சொல்லவில்லை. சாயங்காலம் ஆதவனைக் கூப்பிட்டு, ஒன்று தீர்ந்தால் மாற்றிப் போட இன்னொரு எண்பத்தைந்து கிராமுக்குச் சொல்லிவிட்டேன்.