ஒரு சாண் ஏறிய தண்ணீர்

நாவலோடைக்கு அணை கிடையாது. மேலே குளம் இல்லை. திறந்து மூட ஒரு கதவும் இல்லை. மாரியில் காட்டுக்குள் பெய்கிற மழையெல்லாம் அதில் விழுந்து, முல்லைத்தீவுப் பக்கக் களப்பில், கடலோரத்து உப்பங்கழியில், போய்ச் சேரும். மாசி பிறக்க ஓட்டம் நின்றுவிடும். பிறகு ஆறு என்று மிஞ்சுவது வெள்ளை மணலும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேங்கிய மடுக்களும்தான். கடைசி மடு என் காணிக்கு முன்னால் இருந்தது.

நான் அச்சுவேலியிலிருந்து வந்தவன். என் தமையனுக்கு முரசுமோட்டையில் காணி கிடைத்தது. அங்கே வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். இன்றைக்கு இவருக்கு, நாளைக்கு அவருக்கு என்று சொல்ல ஆள் உண்டு. எங்கள் ஆற்றில் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த நாளில் அது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிந்தது.

மடுவிலிருந்து அரை மைல் கீழே, ஆறு களப்பில் சேருமிடத்தில், யாக்கோப்புவின் குடிசை. அவர், மனைவி யூலிற்றா, இரண்டு பெண் பிள்ளைகள். களப்பில் இறால் பிடித்து வாழ்ந்தார்கள். அந்தக் கரையில் மூன்று மைலுக்கு எங்கே தோண்டினாலும் உப்பு. ஆற்று மணலில் அவர்கள் தோண்டிய ஊற்று ஒன்றுதான் நல்ல தண்ணீர். முழங்கையளவு ஆழத்தில் மணல் ஈரமாகும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர் கசிந்து கூடும். கலங்கிய முதல் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி வெளியே ஊற்றிவிடவேண்டும். அடுத்துக் கூடுவது கண்ணாடி மாதிரி இருக்கும். அந்த ஊற்று இருந்தபடியால்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள்.

ஐம்பத்தொன்பதாம் ஆண்டு சித்திரையில் நான் தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கினேன். அதைப்பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் மனைவி நாகேஸ்வரி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மிசின் தண்ணீரை உறிஞ்சுகிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில், உள்ளே சுழல்கிற சக்கரம் தன்னிடம் இருக்கிற தண்ணீரை வெளியே வீசும். அந்த இடம் வெறுமையாகும். உடனே, மடுவின் மேல் அழுத்திக்கொண்டிருக்கிற காற்று அடுத்த தண்ணீரைக் குழாய்க்குள் ஏற்றிவிடும். அதனால்தான் தொடங்குமுன் குழாயை வாளியால் நிரப்பவேண்டும். பெற்றோலில் கிளப்பிச் சூடேற்றி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அவசரப்பட்டால் இருமி நின்றுவிடும்.

முதல் நாள் சத்தம் கேட்டு யாக்கோப்பு வந்தார். கொஞ்ச நேரம் மிசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன அண்ணை, உங்கட மிசின் ஆத்தைக் குடிச்சுப்போட்டு ஏவறையெல்லோ விடுது!"

"பகிடியை விடும். கிட்ட வந்து பாரும், எப்பிடி ஏறுதெண்டு."

"ஏறுறது இருக்கட்டும். இறங்கிறதைப் பற்றித்தான் கதைக்க வந்தனான்." கரையில் நின்ற மருத மரத்தைக் காட்டினார். "அந்தா, தண்ணிக்குள்ளை மாட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்ச வேர். அது வெளியிலை தெரிஞ்சா மிசினை நிப்பாட்டிப் போடுங்கோ. அது தெரியேக்கை எங்கட ஊற்று ஒரு முழம் இறங்கி நிக்கும். அதுக்குக் கீழை என்ர அப்புவும் கண்டதில்லை."

"நிப்பாட்டுவன். பிள்ளையாராணை."

"அந்தோனியாராணையும் சொல்லுங்கோ அண்ணை. ரெண்டு பக்கமும் பிடிச்சமாதிரிக் கிடக்கும்."

சொன்னேன். அன்று பின்னேரம் யூலிற்றா கொஞ்சம் இறால் கொடுத்துவிட்டாள்.

அந்த வருடம் ஒரு ஏக்கருக்கு மிளகாய் வைத்தேன். ஆடி நடுப்பகுதியில் ஒரு காலை வேர் வெளியே தெரிந்தது. சொன்னபடி மிசினை நிறுத்தினேன். பொழுதுபடப் போய்ப் பார்த்தால் மடு நாலு விரல் ஏறியிருந்தது. வேரைக் காணவில்லை. எனக்கு மிகவும் பழக்கமான காட்சி அது. அச்சுவேலியில் எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது. விடியத் துலா மிதித்து இறைத்தால் எட்டு மணிக்கு அடி தெரியும். ஆறவிடுவோம். கல்லில் உள்ள வெடிப்புகள் எல்லாம் சேர்ந்து ஊறி, பொழுதுபடப் பழைய மட்டத்தில் நிற்கும். மறுநாள் மறுபடி இறைப்போம். அப்படியே இந்த மடுவும் ஊறுகிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் காலையில் மிசினைக் கிளப்பினேன்.

யாக்கோப்பு கேட்டது மழை வரும்வரை நிறுத்தச் சொல்லித்தான். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேர் ஒவ்வொரு பொழுதும் மறைந்தது. வாக்கை நான் மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது போதுமாக இருந்தது. மிளகாயும் பூத்திருந்தது.

மடு ஊறவில்லை என்பதை நான் அப்போதே கண்டுபிடித்திருக்கலாம். ஒரு தடியில் கோடு வெட்டி மடுவில் நட்டு வைத்திருந்தேன். நாலு விரல் மூன்றானது, மூன்று இரண்டானது. இரண்டு கரை மணலும் மாரியில் குடித்து வைத்திருந்த தண்ணீரைப் பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தன. நனைந்த சீலையை எத்தனை தரம் பிழியலாம்? கோட்டைப் பார்த்தேன். கணக்குப் பிழைக்கிறதும் தெரிந்தது. வெயில் கூடிவிட்டது என்று சமாதானம் சொன்னேன்.

ஆவணியில் யூலிற்றா குடத்தோடு எங்கள் மடுவுக்கு வந்தாள்.

"ஊற்று கிணறாப் போச்சு, அக்கா. சின்னவளைக் காலிலை பிடிச்சுத் தலைகீழா விட்டுத்தான் அள்ளவேண்டிக் கிடக்கு. அவளுக்கு அது நல்ல விளையாட்டு." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் போனபின் நாகேஸ்வரி என்னிடம் வந்தாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பிள்ளை பகிடிக்கு வந்து சொல்லேல்லை. மிசினை விடுங்கோ."

"இன்னும் ரெண்டு இறைப்பு. காய் திரண்டிடும்."

"போன கிழமையும் ரெண்டெண்டுதான் சொன்னனீங்கள்."

அந்த இரண்டு இறைப்புக்கு வேரை விட்டு ஒரு முழம் கீழே போனேன். குழாயை நீட்டினேன். அதற்கு ஒரு புதுத் துண்டு பொருத்தியதில் அன்று எனக்குப் பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை மடுவில் தடியைப் பார்த்தபோது என் கண்ணை நானே நம்பவில்லை. தண்ணீர் ஒரு சாண் ஏறியிருந்தது. இறங்கிக் கையால் அள்ளிக் குடித்தேன். நல்ல தண்ணீர். தேங்காய்த் தண்ணீர் மாதிரிக் குளிர்ச்சி.

"நாகேஸ்வரி! ஆறு கண் திறந்திட்டுது! கீழை புது ஊற்று!"

பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தோம். அன்றைக்கும் இறைத்தேன், மறுநாள் ஒரு சாணுக்கும் மேலே ஏறியது, மறுபடி இறைத்தேன். ஆழம் கூடக் கூட ஏற்றமும் கூடியது. இதைவிட நல்ல ஆறு வன்னியில் எங்கே இருக்கிறது என்று நினைத்தேன்.

நாலாம் நாள் யாக்கோப்பு வந்தார். கையில் ஒரு செம்பு. வந்ததும் எப்போதும் ஏதாவது பகிடி விடுகிறவர், அன்று நேரே என் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார்.

"குடிச்சுப் பாருங்கோ."

உப்பு.

"இது களப்புத் தண்ணியெல்லோ?"

"இல்லை அண்ணை. எங்கட ஊற்று." மடுவைப் பார்த்தார். ஏறி நின்ற தண்ணீரைப் பார்த்தார். "எங்கட தண்ணி எங்கை, அண்ணை?"

அந்த நொடியில் எனக்கு முழுவதும் விளங்கிவிட்டது. என் மடு உயரத்தில் நிற்கிறவரை, மணலுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர் களப்பை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். உப்பை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருக்கும். மடுவைக் களப்பின் மட்டத்துக்கும் கீழே நான் இறக்கியபோது ஓட்டம் திரும்பிவிட்டது. களப்பு தள்ள, நடுவில் இருந்த நல்ல தண்ணீர் முழுவதும் என் பக்கம் வந்தது. ஒரு சாண் ஏறியது புது ஊற்று அல்ல. யூலிற்றா குடத்தில் அள்ளவேண்டிய தண்ணீர். அதற்குப் பின்னால் உப்பு வந்துகொண்டிருந்தது. வெறுமையாக்கிய இடத்துக்கு அடுத்து நிற்பது வரும் என்று மிசினைக் காட்டி எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன்!

"நான் அடுத்த ஊர்க் குளத்திலையிருந்து வண்டிலிலை தண்ணி கொண்டுவந்து தாறன், யாக்கோப்பு."

"எத்தினை நாளைக்கு?"

"மழை வருமட்டும்."

"மழை ஆத்தைக் கழுவும் அண்ணை. மணலை ஆர் கழுவுறது?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு கிழமை, பதினாலு நாளும், வண்டிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குள் மடுவிலும் உப்பு வந்துவிட்டது. மிளகாய் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. அதைப் பார்த்து அழ நாகேஸ்வரிக்கு மனம் வரவில்லை. ஒரு காலை யாக்கோப்பு வீட்டார் வள்ளத்தில் பாய், பானை, வலை எல்லாம் ஏற்றிக் கடற்கரைக் கிராமத்துக்குப் போனார்கள். போகுமுன் யூலிற்றா இரவல் வாங்கிய எங்கள் குடத்தைக் கழுவிக் கொண்டுவந்து தந்தாள்.

"வாறம் அக்கா."

போகிறவர்கள் சொல்லும் வழக்கமான வார்த்தைதான். நாகேஸ்வரி அன்று முழுவதும் அந்தக் குடத்தில் தண்ணீர் எடுக்கவில்லை.

ஐப்பசியில் பெருவெள்ளம் வந்தது. மடு இனித்தது. ஊற்று இனிக்கவில்லை. உப்புத் தண்ணீர் பாரமானது, அடியில் தங்கிவிடும். மேலால் ஓடுகிற வெள்ளம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அரித்துக்கொண்டு போகும். ஒவ்வொரு பங்குனியும் அந்தக் குடிசைத் தளத்துக்குப் போய், அதே இடத்தில் தோண்டி, முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு அடுத்ததைக் குடித்துப் பார்த்தேன். முதல் வருடம் வாயில் வைக்க முடியவில்லை. அடுத்த வருடம் சவர், லேசான உப்புக் கரிப்பு. மூன்றாம் வருடம் நல்ல தண்ணீர்.

ஒரு பெரிய போத்தலில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அன்றைக்கே கடற்கரைக்குப் போனேன். யாக்கோப்பு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். இப்போது அவர் வேறொருவரின் கரைவலையைக் கூலிக்கு இழுத்துவந்தார். யூலிற்றா ஒரு மிடறு குடித்தாள். உடனே விழுங்கவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் வைத்திருந்தாள்.

"ஓம் அண்ணை. அந்தத் தண்ணிதான்."

"இனி வரலாம். வேர் தெரிஞ்சா மழை வருமட்டும் மிசினைத் தொடமாட்டன்."

யாக்கோப்பு நூலைப் பல்லால் அறுத்தார். "குடிசை கறையான் திண்டிருக்கும். மூத்தவளுக்கும் இஞ்சை ஒரு இடம் பேசிக் கிடக்கு." நூல் நுனியை முடிந்துகொண்டே, "கொண்டு வந்தீங்களே, அது பெரிசு" என்றார்.

ஒரு காலத்தில் தலைகீழாகத் தொங்கித் தண்ணீர் அள்ளிய சின்னவள் வளர்ந்திருந்தாள். தாயின் கையிலிருந்து போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இதென்னம்மா, ஒரு ருசியும் இல்லை?"

அவளுக்குக் கடற்கரைக் கிணற்றின் சவர்த் தண்ணீர் பழகியிருந்தது. யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தவில்லை. விளங்கப்படுத்தப் பழகிய நானும்தான். யூலிற்றா போத்தலை எடுத்துக்கொண்டுபோய், மிச்சத்தை ஒரு துளி சிந்தாமல் வீட்டுக் குடத்துத் தண்ணீரோடு கலந்து மூடி வைத்தாள்.