கப்பலில் ஏற்றிவிடுவேன்

தலையணை உறையைக் கழற்றியதும் எறும்புகள் சிதறி ஓடின. உள்ளே காய்ந்துபோன இரண்டு இட்லியும் பாதி கடித்த முறுக்கும் இருந்தன. இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. ஜெமிமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏளா ஜெபிஷா, இங்கன வா!"

ஐந்து வயதுச் சிறுமி வந்து நின்றாள். அழவில்லை. ஜெமிமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போது உயரும் என்பதுபோல.

ஜெமிமாவும் கணவர் வில்பிரட்டும் ஜாம்பியாவில் ஆறு வருடம் ஆசிரியர்களாக இருந்தவர்கள். அங்கேயே கோர்ட் மூலம் முறைப்படி இவளைத் தத்தெடுத்துத் தூத்துக்குடிக்குக் கூட்டி வந்து எட்டு மாதம் ஆகிறது. தமிழ் சீக்கிரம் வந்துவிட்டது. ஆனால் சாப்பாட்டை ஒளித்து வைப்பது மட்டும் நிற்கவில்லை. யார் கை நீட்டினாலும் போய் ஒட்டிக்கொள்வாள். "பிள்ளைக்குக் கூச்சமே இல்ல" என்று சர்ச்சில் எல்லோரும் மெச்சினார்கள். ஜெமிமாவுக்கு அது உறுத்தியது. வீட்டாருக்கும் வழியில் போகிறவர்களுக்கும் இவளுக்கு வித்தியாசம் தெரியவில்லையோ?

கீழ் வீட்டில் இருந்த வில்பிரட்டின் அக்கா இன்பமணி ஒரு வழி சொன்னாள்.

"பயங்காட்டுளா. ஹார்பர்ல கப்பல் நிக்குல்லா, அதுல ஏத்தி வந்த ஊருக்கே அனுப்பிருவேன்னு சொல்லு. பொறவு பாரு."

ஜெமிமா சொன்னாள். மாடிச் சன்னலைத் திறந்து, தூரத்தில் கிரேன்களுக்கு நடுவே நின்ற கப்பலைக் காட்டியே சொன்னாள்.

அன்றைக்கே பலித்தது. தலையணைக்குள் எதுவும் இல்லை. தட்டில் வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். தன் பாயைத் தானே சுருட்டினாள். "பாத்தியா?" என்றாள் இன்பமணி. ஆனால் ஜெபிஷா சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். படுக்கும்போதும் செருப்பைக் கழற்றுவதில்லை. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, "நான் நல்ல பிள்ளையாம்மா?" என்று கேட்டாள். கப்பல் ஊதும் சத்தம் கேட்டால், என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே அசையாமல் நின்றாள். ஜெமிமா பார்த்தாள். பயம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலை அடுப்படியில் கண்ணாடி டம்ளர் ஒன்று விழுந்து நொறுங்கியது. துணி துவைத்துக்கொண்டிருந்த ஜெமிமா உள்ளிருந்தே, "என்னளா அது?" என்று அதட்டினாள். ஈரக் கையோடு வந்து பார்த்தபோது சில்லுகள் மட்டும் கிடந்தன. வாசல் கதவு திறந்திருந்தது. பள்ளிக்கூடப் பையைக் காணவில்லை. கொடியில் காய்ந்த இரண்டு கவுனையும் காணவில்லை.

தெருவெல்லாம் தேடினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் கொடுக்கப் போட்டோ வேண்டுமென்று ஜெமிமா தத்தெடுப்பு ஃபைலைப் பிரித்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. முன்பு ஒருமுறை படித்துவிட்டு மறந்துபோன வரி: இதற்கு முன் இரண்டு குடும்பங்கள் இந்தக் குழந்தையை அழைத்துச் சென்று, சில மாதங்களில் காப்பகத்திலேயே திருப்பி ஒப்படைத்திருக்கின்றன.

அப்போது செல்போன் அடித்தது. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் செந்தூர்வேல்.

"டீச்சர், ஜெபிஷாவ ஹார்பர் ரோட்டுல பாத்தேன். ஒரு ஆளு கையப் புடிச்சிட்டுப் போச்சு. உங்க சொந்தக்காரவுகன்னு நெனச்சு விட்டுட்டேன். இப்பந்தான் மனசு கேக்கல."

வில்பிரட் பைக்கை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. ஹார்பர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பின்னால் இருந்த ஜெமிமா ஒவ்வொரு லாரியாக அண்ணாந்து பார்த்தாள். எந்தக் கதவுக்குப் பின்னால்? எந்த ஆள்? ஒரு லாரி புறப்பட்டு எதிர்ப்பக்கம் வேகமாகப் போனது. அவள் அலறிவிட்டாள்.

துறைமுக வாசலில், காவலர் போட்ட நாற்காலியில் ஜெபிஷா உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. பக்கத்தில் சாத்தான்குளத்து லாரி டிரைவர் மகாராஜன்.

"வேகாத வெயில்ல தனியா நடந்து வந்துச்சு தாயி. 'கப்பலுக்கு எப்படிப் போணும்'னு என்கிட்ட கேக்குது. வான்னு சொன்னதும் கையப் புடிச்சிக்கிடுச்சு. எனக்கும் பேத்தி இருக்கு, இங்கன கொண்டாந்து விட்டேன். வேற எவன் கூப்பிட்டிருந்தாலும் இப்படித்தான வந்திருக்கும்?"

ஜெமிமாவைக் கண்டதும் ஜெபிஷா எழுந்து ஓடி வரவில்லை. பையை இறுக்கிக்கொண்டாள்.

"டம்ளர் உடஞ்சிட்டும்மா. நீங்க அனுப்ப வேண்டாம். நானே போயிருதேன்."

ஜெமிமா தார் ரோட்டிலேயே முழங்கால் போட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். குழந்தையின் உடம்பு கட்டைபோல் விறைத்திருந்தது. வெகுநேரம் அது தளரவில்லை.

வீட்டு வாசலில் காத்திருந்த இன்பமணி அழுதாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "சும்மா பயங்காட்டுனதுக்கு இப்படியா? நானும்தான் என் பிள்ளைகள தவிட்டுக்கு வாங்குனேன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். அதுக சிரிக்குமே?"

"உங்க பிள்ளைகளுக்கு அது விளையாட்டு மதினி, இவளுக்கு அது ரெண்டு தடவ நடந்த கதை," என்றாள் ஜெமிமா. "ரெண்டு வீட்டுல திருப்பி விட்டிருக்காவ. அத எழுத்துல படிச்சிட்டும், மூணாவதா நானும் அதையே சொன்னேன் பாருங்க. உங்களக் குத்தம் சொல்லல. சொன்ன வாய் என்னுது. எடுத்து வளக்குற பிள்ளைக்கு மொதல்ல சோறும் படிப்பும் இல்ல, என்ன செஞ்சாலும் இந்த வீட்ட விட்டு அனுப்ப மாட்டாவங்கிற நம்பிக்கைதான் வேணும். அத நம்பாத பிள்ளை, எவன் கையயும் புடிச்சிக்கிட்டுப் போயிரும்."