உராட்டும் உரூட்டும்

எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். கோளாறெல்லாம் என் அவசரப் புத்தியில்தான்.

தொண்ணூற்றெட்டில் எங்களுக்கு முதல் பெண் பிறந்த பத்தாம் நாள், என் மனைவி ஜெயமணிக்கு இடது கால் வீங்கிப்போனது. மலாக்காவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் பெம்பானில் நான் வேலை செய்த எஸ்டேட் ஆபீசுக்கு அங்கிருந்து மலாய் மிஸ்ஸி ஒருவர், அதாவது நர்ஸ், போன் செய்தார். லைனில் ஒரே இரைச்சல். நாளைக்குப் பெரிய மெஷினில் காலுக்கு 'உரூட்' என்று என் காதில் விழுந்தது. உரூட் என்றால் மலாயில் உடம்பு பிடித்துவிடுவது. நாம் உருவிவிடுவது என்கிறோமே, கிட்டத்தட்ட அதே ஓசை.

பிள்ளை பெற்ற உடம்பை மெஷினிடமா கொடுப்பது என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்து உருவிவிடுபவர் வேலாயி அக்கா. அவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றி மறைத்து, அன்றைக்கே பார்வையாளர் நேரத்தில் வார்டுக்குள் நுழைந்தேன். ஜெயமணி அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா போர்வையை விலக்கி இரண்டு கால்களையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"காளிதாசு, இந்த ஒரு கால் மட்டும் கொதிக்குது. நெறமும் சரியில்ல. நான் கை வைக்க மாட்டேன்."

"இவ்ளோ தூரம் வந்துட்டு என்னாக்கா இது? மெதுவா உருவி விடுங்கலா."

"மாட்டேன்னா மாட்டேன். மொதல்ல மிஸ்ஸியக் கேளு."

கேட்கிற ஆளா நான்? எண்ணெயை என் உள்ளங்கையிலேயே ஊற்றிக்கொண்டு குனிந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்காதது என் நல்ல காலம். சத்தம் கேட்டு வேறொரு மிஸ்ஸி ஓடி வந்தார். தமிழ்ப் பெண், பெயர் தாரணி. நான் போன் விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அவங்க சொன்னது உராட். ரத்தக் குழாய். இடுப்புக்குள்ள போற குழாயில ரத்தம் உறைஞ்சிருக்கான்னு பார்க்க நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கணும். இப்ப அமுக்குனா கட்டி பிச்சிக்கிட்டு நுரையீரலுக்குப் போயிரும். உசுருக்கே ஆபத்து."

எண்ணெய் என் விரலிடுக்கில் வழிந்து தரையில் சொட்டியது. பயத்தில் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன். அதற்கும் ஜெயமணி எழுந்திருக்கவில்லை.

மறுநாள் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். குழாய்களில் ஓடும் ரத்தம் வெள்ளையாகத் தெரிந்தது. இடுப்புக்குள் ஓரிடத்தில் மட்டும் வெள்ளை அறுந்து, சுண்டுவிரல் நீளத்துக்குக் கறுப்பு. அதுதான் கட்டி. மருந்திலேயே சரியாகிவிடும், நல்லவேளையாக யாரும் காலை அமுக்கவில்லை என்றார். நான் என் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஜெயமணி நடந்தே வீட்டுப் படியேறினாள். அன்று சாயந்திரம் பிள்ளையைப் பார்க்க வேலாயி அக்கா வந்தார். நன்றி சொல்லக் குனிந்து அவர் பாதத்தைத் தொடப் போனேன்.

அக்கா சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"கால்ல மட்டும் கை வைக்காத தம்பி. ஒன்னைய நம்ப முடியாது."